ஓட்டை விட்டுப் பின்னுங்கள்: குரோஷா கேள்வி பதில்

சுடிதார், புடவை, ஃப்ராக் எதன் மேலும் போட்டுக்கொள்ளும்படி குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், ஒரு மெல்லிய வலைப்பின்னல் ஷ்ரக் (முன்பக்கம் திறந்த குட்டை மேலாடை) போடலாம் என்று சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும். நானும் குன்னூர்க்காரி என்பதால் ஊர்ப் பாசத்தோடு உரிமையாகவே கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுக்க ஷ்ரக் கேள்விகள்தான். குஷன் உறை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நம்ம குளிருக்கு ஓட்டை ஓட்டையாக ஒரு ஷ்ரக் எதற்கு? அதே நேரத்தில் உல்லனில் கெட்டியாகப் பின்னினால் ஒரு ஸ்வெட்டர் செலவு மிச்சமாகுமே என்று மாமியார் கேட்கிறார். என்ன பதில் சொல்ல?
*வாசகி, கோத்தகிரி*

மாமியார் கேட்பது நியாயம்தான். ஸ்வெட்டர் செய்கிற வேலையை இந்த ஷ்ரக் செய்யாது. ஜனவரியில் ஊட்டி புல்வெளியில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற காலையில், வெறும் வலைப்பின்னலைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியாது. காற்று நேரே உள்ளே வரும்.

ஆனால் நமக்கு வருஷம் முழுக்கவா உறைபனி? பதினோரு மணி வெயிலில் நின்று பாருங்கள், ஸ்வெட்டருக்குள் கசகசக்கும். கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் அடுத்த நிமிஷமே தோள் சில்லிடும். உயரம் ஏற ஏறக் காற்று லேசாகிவிடுகிறது. வெயில் நேரே சுடும், நிழலில் அந்தச் சூடு தங்காது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. மேட்டுப்பாளையத்தில் வியர்வையோடு பஸ் ஏறுகிறவர், பர்லியாறு தாண்டி வளைவுகளில் ஏறும்போதே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். குன்னூர் 1,850 மீட்டர் உயரம். அந்த இடைப்பட்ட குளிருக்கு, கைப்பையில் மடித்து வைத்துக்கொள்ளும்படி, போட்டாலும் பாரம் தெரியாதபடி ஒன்று வேண்டாமா? அதற்குத்தான் ஷ்ரக்.

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள். 1933-இல் நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் ப்ரூன் என்பவர் பழைய மீன்வலையை வைத்து ஒரு வலை பனியன் செய்தார். மேலே கோட்டு போட்டதும் வலையின் ஓட்டைகளில் காற்று தங்கி, உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது. நம் ஷ்ரக்கும் அப்படித்தான். தனியாகப் போட்டால் காற்றோட்டம், மேலே ஒரு கோட்டோ சால்வையோ போட்டால் கதகதப்பு. ஓட்டை வீணில்லை.

கடையில் உல்லன், காட்டன், அக்ரிலிக், பளபளப்பு நூல் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?
*வாசகி, கொடைக்கானல்*

முதல் ஷ்ரக் என்றால் நாலு இழைக் காட்டன். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. கண்ணி தெளிவாகத் தெரியும், பிரித்துப் போட்டாலும் நூல் பஞ்சு பஞ்சாகாது, எந்தத் துணிமேலும் பொருந்தும்.

ஆனால் காட்டனுக்குக் கனம் உண்டு. ஒரே பருமனில் மூன்று நூல் எடுத்தால் காட்டன்தான் அதிகம் கனக்கும், அடுத்தது கம்பளி, கடைசியில் அக்ரிலிக். தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி முறையே சுமார் 1.5, 1.3, 1.2. ஆகவே காட்டன் என்று முடிவு செய்துவிட்டால் பருமனான நூலைத் தொடாதீர்கள். மெல்லிய நூல், பெரிய ஓட்டை. அப்போதுதான் தோளில் இருப்பதே தெரியாது.

பளபளப்பு நூல் என்று நீங்கள் சொல்வது மெர்சரைஸ்டு காட்டன். இங்கிலாந்துக்காரர் ஜான் மெர்சர் 1844-இல் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் போட்டுப் பார்த்த சோதனையிலிருந்து வந்தது. சாயம் நன்றாகப் பிடிக்கும், மினுக்கம் இருக்கும், பிசிறு குறைவு. கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை மேல் போடுவதென்றால் இதையே வாங்குங்கள். தினப்படிக்குச் சாதாரணக் காட்டன் போதும்.

அக்ரிலிக் மலிவு, லேசு, சீக்கிரம் காயும். எனக்கு அது வலைப்பின்னலில் பிடிப்பதில்லை. நூல் துள்ளிக்கொண்டே இருக்கும், ஓட்டை சுருங்கி மூடிக்கொள்ளும். அதையே வாங்கிவிட்டீர்கள் என்றால், பின்னி முடித்ததும் இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் ஒரு விரல் உயரத்தில் பிடித்து நீராவி மட்டும் காட்டுங்கள், தளர்ந்து விழும். பெட்டி பட்டால் நூல் உருகிவிடும், கவனம்.

மெல்லிய கம்பளி நூல் கிடைத்தால் மலைக்கு அதைவிட நல்லது இல்லை. ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் நீலகிரி செம்மறி மென்மையான ரோமம் தரும் இனம். அந்த ரோமத்தில் நூற்ற மெல்லிய நூல் நம் ஊர்க் கடையிலேயே கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

எந்த நம்பர் ஊசி, அக்கா? லேபிளில் 2.5 என்று போட்டிருக்கிறது. அதில் பின்னினால் அட்டை மாதிரி விறைப்பாக வருகிறது.
*வாசகி, கேத்தி*

கேத்தியில் இருந்துகொண்டு ஊசி பற்றி என்னிடம் கேட்கிறீர்களே! உங்கள் ஊர் எல்லநள்ளியில் இருக்கிற நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலை 1949-இல் தொடங்கியது. அங்கே 'போனி' என்ற பெயரில் செய்கிற ஊசி வெளிநாட்டுக் கடைகளிலும் தொங்குகிறது. குரோஷா பிடிக்கிற யாரும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சரி, உங்கள் கேள்வி. லேபிளில் போட்டிருக்கும் அளவு சாதாரண நெருக்கமான பின்னலுக்கு. வலைப்பின்னலுக்கு அதிலிருந்து ஒரு மில்லிமீட்டர் ஏற்றிக்கொள்ளுங்கள். 2.5 என்று போட்டிருந்தால் 3.5 எடுங்கள். கை இறுக்கமானவர் என்றால் 4. பின்னல் விறைப்பாக வருகிறது என்றால் பெரும்பாலும் நூலில் குறை இருக்காது, ஊசி சிறியதாக இருக்கும். மாதிரித் துண்டை உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். விரலின் இரண்டு பக்கமும் வழிந்து விழ வேண்டும். நிமிர்ந்து நின்றால் இன்னும் ஒரு அளவு ஏறுங்கள்.

எனக்குச் செயின் (சங்கிலிக் கண்ணி), ட்ரெபிள் இரண்டும் போடத் தெரியும். கழுத்து, கை என்று குறைத்துக் கூட்டிப் போடத் தெரியாது. என்னால் ஷ்ரக் முடியுமா? அளவு சொல்லிக்கொடுங்கள்.
*வாசகி, பண்ணைக்காடு*

முடியும். ஒரே ஒரு நீள்சதுரம் பின்னத் தெரிந்தால் போதும். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். கழுத்து வளைவு வெட்டிப் பின்னுகிற ஷ்ரக்கைவிட எனக்கு இதுதான் அழகாகத் தெரிகிறது. முதுகில் தளர்வாக வழிந்து நிற்கும்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. பழைய புத்தகங்கள் பிரிட்டிஷ் கணக்கில் ட்ரெபிள் என்று சொல்வதை அமெரிக்க முறையில் டபுள் குரோஷே என்பார்கள். வீடியோ பார்த்துப் பின்னும்போது இதனால் குழம்பாதீர்கள். நான் சொல்வது, ஊசியில் ஒரு தடவை நூலைச் சுற்றி, கண்ணிக்குள் விட்டு இழுத்து, இரண்டு இரண்டாகக் கழற்றுகிற தையல்.

முதலில் மாதிரித் துண்டு. 15 சென்டிமீட்டருக்குப் 15 சென்டிமீட்டர். இதைச் சோம்பல் பட்டு விடுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. பின்னியதும் அளக்காதீர்கள். தண்ணீரில் நனைத்து, பிழிந்து, தட்டையாகப் போட்டுக் காயவைத்து, அப்புறம் நடுவில் 10 சென்டிமீட்டர் அளந்து எத்தனை 'வி' இருக்கிறது என்று எண்ணுங்கள். காட்டன் முதல் தண்ணீரில் கொஞ்சம் மாறும். அந்த மாற்றம் முடிந்த பிறகு எடுக்கிற அளவுதான் சரியான அளவு.

'வி' என்றால், ஒரே கண்ணியில் ஒரு ட்ரெபிள், ஒரு செயின், மறுபடி ஒரு ட்ரெபிள். ஷ்ரக் முழுக்க இது ஒன்றுதான்.

நடுத்தர உடம்புக்கு 90 சென்டிமீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் உயரம். பூசின உடம்பு என்றால் 100-க்கு 80. மாதிரியில் 10 சென்டிமீட்டருக்கு 7 'வி' வந்தது என்று வைத்துக்கொள்வோம். 90-க்கு 63 'வி'. ஒரு 'வி'க்கு மூன்று செயின், அதோடு ஓரத்துக்கு நாலு. ஆக 193 செயின் போட வேண்டும். உங்கள் மாதிரியில் வேறு எண் வந்தால் இதே கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த அடிச் செயினை மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியில் போடுங்கள். இல்லையென்றால் அந்த ஓரம் மட்டும் இழுத்துக்கொண்டு நிற்கும்.

முதல் வரிசையில், ஊசியிலிருந்து எண்ணி ஐந்தாவது செயினில் முதல் 'வி'. பிறகு இரண்டு செயின் விட்டு மூன்றாவதில் ஒரு 'வி', இப்படியே போய்க் கடைசியில் ஒரு செயின் விட்டு, முடிவுச் செயினில் ஒற்றை ட்ரெபிள். திருப்பி மூன்று செயின் ஏறி, கீழே உள்ள ஒவ்வொரு 'வி'யின் நடு ஓட்டையிலும் ஒரு 'வி', கடைசியில் கீழ் வரிசையில் ஏறின மூன்று செயினின் தலையில் ஒரு ட்ரெபிள். இந்தக் கடைசித் தையலை மறந்தால் ஓரம் மெல்ல மெல்ல உள்ளே சாயும். 70 சென்டிமீட்டர் வரும்வரை இதையே போடுங்கள். டிவி பார்த்துக்கொண்டே போடலாம், அவ்வளவு சுலபம்.

நூல் எவ்வளவு என்பதற்கும் மாதிரித் துண்டே பதில் சொல்லும். 15-க்கு 15 என்றால் 225 சதுர சென்டிமீட்டர். ஷ்ரக் 6,300. அதாவது 28 மடங்கு. மாதிரியை நகைக்கடைத் தராசிலோ சமையல் தராசிலோ நிறுத்துப் பாருங்கள். 6 கிராம் வந்தால் 168 கிராம், ஓரப் பின்னலையும் சேர்த்து 200 கிராம். ஒரே சாயத் தொகுதி எண் போட்ட பந்துகளாகப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். மலையிலிருந்து இறங்கி மறுபடி கோவைக்குப் போய் அதே நிறம் தேடுவது பெரிய பாடு.

இப்போது நீள்சதுரத்தை, நீளமான இரண்டு ஓரமும் சேரும்படி மடியுங்கள். பக்கத்து ஓரம் ஒவ்வொன்றும் 35 சென்டிமீட்டராக இருக்கும். இரண்டு ஓரமும் சேர்கிற மூலையிலிருந்து மடிப்பை நோக்கி 17 சென்டிமீட்டர் தைத்துக்கொண்டு வந்து நிறுத்துங்கள். மடிப்புப் பக்கம் மிஞ்சுகிற 18 சென்டிமீட்டர்தான் கை நுழைகிற வழி. மறுபக்கமும் அதேபோல். கையை நுழைத்துப் போட்டால் ஒரு நீள ஓரம் கழுத்தைச் சுற்றி முன்னால் இறங்கும், மற்றொன்று முதுகில் தொங்கும். திறந்த ஓரம் முழுக்கச் சுற்றி இரண்டு வரிசை நெருக்கமான குட்டைத் தையல் (ஊசியில் நூலைச் சுற்றாமல், கண்ணிக்குள் விட்டு இழுத்து, இரண்டையும் ஒரே தடவையில் கழற்றுவது) போட்டால் ஷ்ரக் தயார். விருப்பமிருந்தால் கடைசியாக ஒரு வரிசை சங்கு. ஒரே கண்ணியில் ஐந்து ட்ரெபிள் போட்டால் சங்கு விரிந்துவிடும்.

தோடர் சால்வை மாதிரி வெள்ளையில் சிவப்பும் கறுப்பும் வைத்து, அதே டிசைனை ஷ்ரக் முதுகில் பின்னி விற்கலாம் என்று நினைக்கிறேன். ஐடியா எப்படி?
*வாசகி, ஊட்டி*

நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை, சிவப்பு, கறுப்பு யாருக்கும் தனிச் சொத்தில்லை, பார்க்கவும் கண்ணைப் பறிக்கும். டிசைனை எடுக்காதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் பூத்தையல் குரோஷா இல்லை. வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, சட்டம் கூட மாட்டாமல், கைஊசியால் தைப்பது. தைத்ததைத் தடவிப் பார்த்தால் நெய்ததோ என்று தோன்றும். அந்தப் பெண்கள் காலங்காலமாகப் போர்த்திக்கொள்கிற துணியின் வேலை அது. 2013-இல் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. நீங்கள் குரோஷாவில் அந்த உருவைப் போட்டு, சுற்றுலா வருகிறவர்களிடம் 'தோடர் டிசைன்' என்று விற்றால், உண்மையான தோடர் வேலைக்குக் கிடைக்க வேண்டிய விலையும் மதிப்பும் அங்கேயே குறையும். பக்கத்து மந்தில் (தோடர் குடியிருப்பில்) ஒரு பெண் நாள்கணக்கில் குனிந்து எண்ணித் தைப்பதை நாம் பார்த்தும் இப்படிச் செய்யலாமா?

குரோஷாவுக்கு என்றே அழகான உருக்கள் எவ்வளவோ இருக்கின்றன. அன்னாசி, விசிறி, சிலந்தி வலை, கட்டம் நிரப்பிப் போடுகிற பூ. இதில் ஒன்றை முதுகு நடுவில் வையுங்கள். இன்னொரு யோசனையும் உண்டு. ஒரு நல்ல தோடர் கைப்பையோ சால்வையோ அவர்களிடமே விலை கொடுத்து வாங்கி, அதோடு போட்டுக்கொள்ள ஒற்றை நிறத்தில் ஒரு ஷ்ரக் பின்னுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எடுத்துக்கொடுக்கும்.

மழைக்காலம் தொடங்கினால் எங்கள் ஊரில் துணி காய்வதே இல்லை. ஷ்ரக் துவைத்தால் மூன்று நாள் ஈரம், அப்புறம் ஒரு பூஞ்சை வாடை. என்ன செய்ய?
*வாசகி, பெருமாள்மலை*

மஞ்சு இறங்கி ஜன்னலுக்குள் வருகிற ஊரில் இது எல்லோருக்கும் உள்ள கஷ்டம். எங்கள் குன்னூரிலும் ஐப்பசி கார்த்திகையில் இதே கதைதான்.

காய்வதில் பாதி வேலை பிழிவதிலேயே முடிகிறது. முறுக்கிப் பிழியாதீர்கள். தண்ணீரை உள்ளங்கையால் அழுத்தி வெளியேற்றிவிட்டு, பெரிய காய்ந்த டவலில் ஷ்ரக்கைப் பரப்பி, பாய் சுருட்டுவது மாதிரி சுருட்டி, அதன்மேல் நின்று மிதியுங்கள். டவல் நனைந்ததும் வேறு டவலில் இன்னொரு தடவை. இவ்வளவு செய்த பிறகு மெல்லிய நூலில் பெரிய ஓட்டையாகப் பின்னினது ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடும். கெட்டியாகப் பின்னினதுதான் மூன்று நாள் எடுக்கும். உங்கள் ஷ்ரக் எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

பரப்பும்போதே வடிவத்துக்கு இழுத்து வைக்க வேண்டும். ஒரு தெர்மாகோல் பலகைமேல் துணி விரித்து, ஓரத்தைச் சமமாக இழுத்துத் துருப்பிடிக்காத குண்டூசி குத்துங்கள். இந்த ஒரு வேலையில்தான் வலைப்பின்னல் முகம் மலரும். பின்னி முடித்ததும் சுருங்கிக் கசங்கின மாதிரி கிடந்தது, நனைத்து விரித்துக் குத்தினதும் ஒவ்வொரு ஓட்டையும் கண் திறந்து நிற்கும். பின்னியது நன்றாக வரவில்லை என்று எழுதுகிற பலர் இதைச் செய்வதே இல்லை. சாதாரண இரும்புக் குண்டூசி மட்டும் வேண்டாம், துருக்கறை போகவே போகாது.

அடுப்பு மேலும் ஹீட்டர் பக்கத்திலும் தொங்கவிடாதீர்கள். வெயில் வந்தால் நிழலில் காற்றாடப் போடுங்கள். மலை வெயில் சாயத்தைச் சீக்கிரம் வெளுக்கும்.

ஆசையாகப் பின்னினேன், மாசக்கணக்கில் போட்டேன். இடுப்பு வரை இருந்தது இப்போது தொடையைத் தொடுகிறது! பிரித்துவிடட்டுமா?
*வாசகி, கூடலூர்*

பிரிக்காதீர்கள். காட்டனுக்கு இழுத்தால் திரும்பிச் சுருங்குகிற குணம் கிடையாது, கம்பளியில் இருக்கிற அந்தச் சுருள் இதில் இல்லை. தன் கனத்தாலேயே கீழே இறங்கும். நீங்கள் ஹேங்கரில் மாட்டி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இனி மடித்தே வையுங்கள்.

இப்போதைக்கு ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பழைய அளவுக்குக் கையால் ஒதுக்கித் தட்டையாகக் காயவையுங்கள். ஓரளவு ஏறிவிடும். பிறகு கழுத்துப் பின்புறம், ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை, உள்பக்கமாக ஒரு வரிசை ஸ்லிப் ஸ்டிச் (கண்ணிக்குள் இழுத்த நூலை ஊசியில் இருக்கிற கண்ணி வழியே அப்படியே எடுப்பது) போடுங்கள். பாரம் முழுக்கத் தொங்குவது அந்த இடத்தில்தான். அது பிடித்துக்கொண்டால் மற்றது இறங்காது. அடுத்த ஷ்ரக்கை வேண்டிய உயரத்தைவிட நாலு விரல் குறைத்தே பின்னுங்கள்.

வளையல், தாலிச் செயின், கம்மல் எல்லாம் ஓட்டையில் மாட்டிக்கொள்கிறது. போடவே பயமாக இருக்கிறது.
*வாசகி, குன்னூர்*

கை நுழைகிற இடத்தில் நாலு வரிசை நெருக்கமான குட்டைத் தையல் போடுங்கள், வளையல் வழுக்கிக்கொண்டு போய்விடும். கழுத்து ஓரத்துக்கும் அதுவே. ஓட்டை சுண்டுவிரல் நுழைகிற அளவைத் தாண்ட வேண்டாம். ஜிமிக்கி போடுகிற நாளில் ஷ்ரக்கை முதலில் போட்டுவிட்டு ஜிமிக்கியை அப்புறம் மாட்டுங்கள். எங்காவது இழுத்துவிட்டால் நூலை வெட்டாதீர்கள். பக்கத்துக் கண்ணிகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாக இழுத்துக் கொடுத்தால் அந்தச் சுருக்கம் பரவி மறைந்துவிடும்.

நான் இடக்கைக்காரி. புத்தகப் படம் பார்த்தால் தலைகீழாக வருகிறது.
*வாசகி, வெலிங்டன்*

அப்படியே வரட்டும். நீங்கள் வலமிருந்து இடமாகப் போக வேண்டியதில்லை, இடமிருந்து வலமாகப் போங்கள். நீள்சதுர ஷ்ரக்கில் இரண்டு பக்கமும் ஒன்றுதான், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வீடியோ என்றால் போனைக் கண்ணாடி முன் வைத்து, கண்ணாடியைப் பார்த்துப் பின்னுங்கள்.

நூல் பந்து தீர்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டால் ஓட்டை வழியே அசிங்கமாகத் தெரிகிறது. எப்படி மறைப்பது?
*வாசகி, அரவங்காடு*

வலைப்பின்னலில் ஒளித்துவைக்க இடம் கிடையாது, அதனால் முடிச்சே போடாதீர்கள். பந்து தீரப்போகிறது என்று தெரிந்தால், வரிசையின் ஓரத்துக்கு வந்ததும் நிறுத்தி அங்கேயே புது நூலைத் தொடங்குங்கள். இரண்டு முனையிலும் ஒரு சாண் நீளம் விடுங்கள். முடித்த பிறகு அந்த முனைகள் ஓரத்துக் குட்டைத் தையலுக்குள் போய்விடும். ஒரு வரிசைக்கு எவ்வளவு நூல் ஆகிறது என்று தெரிய, வரிசை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் பந்தை நிறுத்துப் பாருங்கள்.

கொடைக்கானலில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் நான் போட்டிருக்கும் ஷ்ரக்கைப் பார்த்து விலை கேட்கிறார்கள். நானூறு ரூபாய் சொன்னால் முந்நூறுக்குக் கேட்கிறார்கள். என்ன விலை வைக்கலாம், அக்கா?
*வாசகி, கொடைக்கானல்*

நானூறா? தங்கச்சி, நூல் விலையையும் உங்கள் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தீர்களா?

குரோஷாவைத் தொழிற்சாலையில் போட்டுத் தள்ளுகிற மிஷின் இன்றுவரை வரவில்லை. ஸ்வெட்டர் பின்னல் மிஷினில் ஓடும், லேஸ் மிஷினில் ஓடும். குரோஷா மாதிரி தெரிகிற துணியும் மிஷினில் வருகிறது. ஆனால் ஊசியால் கண்ணிக்குள் கண்ணி இழுத்துப் போடுகிற உண்மையான குரோஷா, உலகத்தில் எந்தக் கடையில் தொங்கினாலும், யாரோ ஒருவர் கையால் போட்டதுதான். ஆந்திராவில் நரசாபுரம் பக்கத்தில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டில் உட்கார்ந்து குரோஷா லேஸ் போடுகிறார்கள். மிஷனரிகள் மூலம் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த வேலை. வெளிநாடெல்லாம் போகிறது, போட்டவர்கள் கைக்கு வந்தது சொற்பம். வீட்டில் ஓய்வு நேரத்தில் செய்வதுதானே என்று சொல்லிச் சொல்லியே அவர்களுடைய கூலியைக் குறைத்தார்கள். உங்களையும் அப்படிச் சொல்ல விடாதீர்கள்.

கணக்கு இப்படிப் போடுங்கள். ஒரு வரிசைக்கு எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். வரிசைகளால் பெருக்குங்கள். ஓரப் பின்னல், தைப்பது, நனைத்துக் குண்டூசி குத்துவது எல்லாவற்றையும் சேருங்கள். உதாரணத்துக்கு 20 மணி நேரம் வந்தால், உங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு நாள் கூலி என்ன கொடுக்கிறார்களோ அதை எட்டால் வகுத்து ஒரு மணிக் கூலி கண்டுபிடித்து இருபதால் பெருக்குங்கள். அதோடு நூல் விலை. வருகிற தொகை உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அதற்குக் கீழே விற்றால் கைக்காசு போட்டு விற்கிறீர்கள் என்று அர்த்தம்.

அவ்வளவு விலைக்கு எல்லோரும் வாங்க மாட்டார்கள்தான். அதற்காக ஷ்ரக் விலையை இறக்காதீர்கள். முந்நூறு ரூபாய் கையில் வைத்திருக்கிறவருக்கு அதே நூலில் ஒரு ஹேர் பேண்ட், ஒரு சின்னப் பை என்று ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் முடிகிற பொருள் பின்னி வையுங்கள். ஷ்ரக் ஒன்றை மட்டும் ஹேங்கரில் மாட்டாமல், கடையில் கண்ணில் படும்படி விரித்து வைத்து, ஆர்டர் வந்தால் அளவும் நிறமும் கேட்டுப் போட்டுக் கொடுங்கள். சுற்றுலா வந்தவர் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அனுப்பப் போகிறீர்கள். அதனால் நூல் வாங்குகிற அளவுக்காவது முன்பணம் வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் முதல் செயினைப் போடுங்கள்.